டேப்பில் மீந்த நாலு நிமிஷம்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு 43 வயது, குன்னூர் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கர். 33 வயதைத் தாண்டினால் புதுப் பாட்டு மண்டையில் ஏறாது என்று ஆராய்ச்சி சொல்வதாக எங்கோ படித்திருக்கிறீர்கள், அது நிஜமா என்று கேட்கிறீர்கள். பன்னிரண்டாவது படிக்கும் மகள் போடுகிற பாட்டெல்லாம் ஒரே இரைச்சல், வார்த்தையே விளங்கவில்லை என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில்தான் சங்கதி இருக்கிறது: "காரில் போகும்போது அதை நிறுத்தும்மா என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மேட்டுப்பாளையம் வரை ரெண்டு பேரும் பேசாமல் வருகிறோம்." வயசு என் காதை அடைத்துவிட்டதா, இல்லை நானாகத்தான் கேட்பதை விட்டுவிட்டேனா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் 1985 முதல் 2005 வரை ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டடிக்குப் பத்தடி கடை. ஒரு டர்ன்டேபிள், இரண்டு கேசட் டெக், சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு. வருகிறவர்கள் நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பார்கள். டிடிகே, சோனி, மெல்ட்ராக் என்று அவரவர் வசதிக்கு ஏற்ற கேசட்டில் பதிந்து கொடுப்பேன். காப்புரிமைச் சட்டப்படி அது தப்பு. ஊரே அப்போது அதைத்தான் செய்தது என்று நான் சொல்லிக்கொள்வது வெறும் சமாதானம். மழைக்காலத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும் என்று அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு ராப்பகலாக எரிந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து இருபது வருஷம், யார் எந்த வயதில் எதைக் கேட்டு வந்தார்கள் என்று பார்த்தவன். என் மகள் ஆடியாலஜிஸ்ட், காது கேட்பதைச் சோதிக்கிற வேலை. அவள் அனுப்பும் ஆய்வுக் கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் உண்டு. மற்றபடி நான் டாக்டரும் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. அதோடு, என் கடைக்கு வந்தவர்கள் காசு கொடுத்துப் பாட்டுக் கேட்கிற ரகம். பாட்டே வேண்டாம் என்று இருப்பவர்களைப் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. என் அனுபவத்தை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 33. 2015-ல் அஜய் காலியா என்பவர், ஸ்பாட்டிஃபையில் பாட்டுக் கேட்கும் அமெரிக்கர்களின் விவரங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. பதின்வயதில் இருப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய முழுக்க அந்த நேரத்து ஹிட். இருபதுகளில் அது படிப்படியாகக் குறைகிறது. முப்பதுகளில், சராசரியாக 33-ல், ரசனை ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. இதில் அவர் எதை அளந்தார் என்று கவனியுங்கள். ஊரே கேட்கிற ஹிட்டிலிருந்து ஒருவர் எவ்வளவு தள்ளிப் போனார் என்பதை அளந்தார். 38 வயதில் ஒருவர் புதுசாக ஷெனாய் கேட்க ஆரம்பித்து அதிலேயே கிடந்தாலும், அந்தக் கணக்கில் அவர் ஹிட்டை விட்டுப் போனவர்தான். ஆக, புதுப் பாட்டு ஏறாது என்பது செய்தி எழுதியவர்கள் ஒட்டவைத்த வால்.

அதேபோல 2018-ல் டீஸர் என்ற பாட்டுக் கம்பெனி பிரிட்டனில் 1,000 பேரைக் கேட்டு, முப்பதரை வயதோடு புதுப் பாட்டுத் தேடுவது நின்றுபோகிறது என்றது. ஏன் நின்றது என்று அந்த மனிதர்களே சொன்ன காரணங்கள்: இருக்கிற குவியலில் எதைக் கேட்பது என்ற திகைப்பு, வேலை நெருக்கடி, வீட்டில் சின்னக் குழந்தைகள். மூன்றில் ஒன்றுகூடக் காதைப் பற்றியதில்லை. தவிர, பாட்டுத் தேடித் தருகிறேன் என்று சந்தா வாங்குகிற கம்பெனி, உன்னால் தானாகத் தேட முடியாது என்று சொன்னால் நான் அப்படியே நம்பிவிட மாட்டேன். செருப்புக் கடைக்காரர் நம் பழைய செருப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற மாதிரிதான் அது.

எனக்கு நம்பிக்கை உள்ள வேலை இதைவிடப் பழையது. 1989-ல் ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் 108 பேரை உட்கார வைத்து, 1932 முதல் 1986 வரை வந்த 28 ஹிட் பாட்டுகளைத் துண்டு துண்டாகப் போட்டு மார்க் போடச் சொன்னார்கள். தனக்கு 23, 24 வயது இருந்தபோது வந்த பாட்டுக்குத்தான் சராசரியாக அதிக மார்க் விழுந்தது. ஞாபகத்தைப் பற்றிய ஆய்வுகளும் இதற்கு ஒத்துப் போகின்றன. பத்து வயதுக்கும் முப்பதுக்கும் நடுவில் நடந்தவைதான் முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன. இளமையில் கேட்டது தனியாக ஒட்டிக்கொள்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். என் கடை லிஸ்டுகளே சாட்சி. ஒருவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தால் அவர் எந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டார் என்று இரண்டு வருஷம் முன்னே பின்னே சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டு அதிகம் பிடிக்கும் என்பது ஒன்று, பிறகு வருவது பிடிக்காமல் போய்விடும் என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சான்று இருக்கிறது. இரண்டாவது, நாம் முதலாவதிலிருந்து தாவிப் போய் எடுத்துக்கொண்டது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் பிறந்தவன். 1976-ல் இளையராஜா வந்தபோது எனக்குப் பதினைந்து வயது, வேறென்ன வேண்டும்? 1992-ல் ரஹ்மான் வந்தபோது 31. "இது கம்ப்யூட்டர் சத்தம், ஆறு மாசம் தாங்காது" என்று கல்லாவில் நின்று தீர்ப்பு எழுதினேன். இளையராஜாவைக் கேட்டுவிட்டு எங்கள் அப்பா "என்னடா தகரத்தைத் தட்டுறான்" என்று சொன்ன அதே தொனி. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஆனால் தொழில் தொழில்தானே. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள், ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை அதே பாட்டுகளைப் பதிந்தேன். பதியும்போது யாரும் உட்கார்ந்து பாட்டை ரசிப்பதில்லை. மீட்டர் முள் சிவப்பைத் தொடாமல் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும், கை பில் எழுதும், இல்லாவிட்டால் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இன்னொரு டெக்கின் ஹெட்டைத் துடைக்கும். மூன்று மாசம் கழித்து ஒரு ராத்திரி ஷட்டரை இறக்கும்போது என் வாயில் அந்த மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பையன் சிரித்தான். நான் வாயைத் திறந்து ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். சி-60 கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிஷம். சினிமாப் பாட்டு ஒன்று நாலு, நாலரை நிமிஷம். லிஸ்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு இருந்தால் 26, 27 நிமிஷத்தில் முடிந்துவிடும், பிறகு மூன்று நாலு நிமிஷம் வெறும் டேப். அப்படியே விட்டால் "அண்ணா, கடைசில காத்துதான் ஓடுது" என்று திரும்பி வருவார்கள். அதனால் மீந்த இடத்தில் நானாக ஒரு பாட்டை ஏற்றிவிடுவேன். அதற்குக் காசு கிடையாது. லிஸ்டைப் பார்த்து, இந்த ஆளுக்கு இது ஒத்துவரலாம் என்று ஒரு ஊகம், அவ்வளவுதான். சில நாள் வெறும் குறும்பு.

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஜீப் ஓட்டிய ஒருவர், அப்போதே ஐம்பதைத் தாண்டியவர், ஐம்பது அறுபதுகளின் பாட்டைத் தவிர எதையும் தொட மாட்டார். அவர் கேசட்டின் பி சைடில் மீந்த இடத்தில் பிஸ்மில்லா கானின் ஷெனாயை ஏற்றினேன். எல்.பி.யில் அது நீளமான வாசிப்பு; நாலு நிமிஷத்தில் டேப் முடிந்து பாதியில் அறுந்துவிட்டது. ஒன்றரை மாசம் கழித்து வந்தார். "தம்பி, கடைசில ஊ ஊன்னு ஒண்ணு வந்து பாதியில நின்னுபோகுதே, அது என்னது? மிச்சத்தைப் போட்டுக் குடு" என்றார். பிடிச்சிருக்காண்ணே என்று கேட்டேன். "மொதல்ல கேட்டப்ப உன்னைக் கெட்ட வார்த்தையில திட்டினேன். மாத்திவிடலாம்னா கொண்டை ஊசி வளைவு, ரெண்டு கையும் ஸ்டீயரிங்கில இருக்கு. இப்ப அந்த வளைவு வந்தா இது வரலையேன்னு இருக்கு" என்றார்.

அந்த ரெண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்ததைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டை மாற்ற அவருக்கு வழியில்லை. அதைத் தேர்ந்தெடுத்ததும் அவரில்லை. கவனம் முழுக்கச் சாலையில் இருந்தது, பாட்டு பக்கத்தில் ஓடியது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று ஒன்றரை மாசம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நாம் பதினாறு வயதில் பாட்டுக் கேட்டதும் இப்படித்தானே? டீக்கடை, பஸ், கல்யாண வீட்டு ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு ரேடியோ. எதையும் நாம் போடவில்லை, எதையும் நிறுத்தவும் முடியவில்லை. நாற்பதில் நமக்கு வந்து சேர்ந்தது வயசு மட்டும் இல்லை, நிறுத்துகிற பட்டனும்தான். பத்து செகண்டில் தீர்ப்பு, அடுத்த பாட்டு.

இதற்கு ஆய்வுப் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. ஒரு பொருளை வெறுமனே திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே அதன்மேல் பிரியம் கூடுகிறது என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968-ல் எழுதினார். அர்த்தமில்லாத வார்த்தைகள், முன்பின் தெரியாதவர்களின் முகங்கள் இவற்றை வைத்துச் செய்த சோதனை அது. பாட்டுக்கு இதைப் பார்த்தவர்கள் கனடாவில் க்ளென் ஷெல்லன்பர்க்கும் அவர் குழுவினரும், 2004-ல். காதைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு முதலில் பிரியம் ஏறியது, அளவுக்கு மேல் போனதும் சலித்து இறங்கியது. வேறொன்றில் கவனம் இருக்கும்போது பின்னணியில் கேட்டவர்களுக்கு, கேட்கக் கேட்க ஏறிக்கொண்டே போனது. கட்டுரையை மகள் வாசித்துச் சொன்னபோது ஜீப்காரரின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: இவை ஆய்வுக்கூடத்தில், சில மணி நேரத்துக்குள் நடக்கும் சோதனைகள். ஒன்றரை மாசம் மலைச் சாலையில் நடப்பதற்கு அவை நேரடிச் சான்று ஆகாது. திசை ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

இன்னொன்றும் இதோடு சேரும். பிடித்த பாட்டில் மயிர்க்கூச்செறியும் இடம் வருவதற்குச் சற்று முன்பே, வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே மூளையில் டோபமின் என்ற இன்ப ரசாயனம் சுரப்பதை 2011-ல் மொன்றியால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதல் தடவை கேட்கிற பாட்டில் அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எதிர்பார்ப்பது? அந்த வளைவு வந்தா இது வரலையேன்னு இருக்கு என்று ஜீப்காரர் சொன்னாரே, அதேதான்.

அறுபது வயதில் ரசனை திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து ஏராளமானவர்கள் நீலகிரிக்கு வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களில் ஒரு பெரியவர் என் வாடிக்கையாளர். லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். பைலா என்கிற இலங்கைத் துள்ளல் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும்தான் அவர் உலகம். வந்த புதிதில், இந்த மலையில் வாழும் படகர் சமூகத்தவர் வீட்டுக் கல்யாணப் பாட்டைக் கேட்டால் "எல்லாம் ஒரே பாட்டுத்தான் தம்பி, எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு தெரியல" என்பார். பதினைந்து வருஷம் கழித்து, படகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பா முடிந்த ஒரு வாரம், படகப் பாட்டுக் கேசட் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார். பாஷை பாதிதான் புரியும் என்றார். "பேத்தி கூடப் படிக்கிற பிள்ளைக வீட்டு விசேஷத்துக்குப் போயிப் போயி, அவங்க வட்டமா ஆடுறதைப் பாத்துப் பாத்து ஒட்டிக்கிச்சு." உட்கார்ந்து கேட்டிருந்தால் நூறு வருஷம் ஆனாலும் ஒட்டியிருக்காது என்பது என் கணிப்பு. ஆட்டம், சாப்பாடு, சிரிப்பு, இவற்றோடு சேர்ந்து வந்ததால் ஒட்டியது. பாட்டு தனியாக வந்து யார் மனசிலும் உட்கார்வதில்லை.

அப்படியானால் வயதுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். 2005-ல் ஹானன், ட்ரெஹப் என்ற இருவர் வட அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பால்கன் நாட்டுப்புறத் தாளங்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கே அந்த அந்நியத் தாளத்தில் தப்பைப் பிடிப்பது கடினமாக இருந்தது. வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைப் போட்டுக் கேட்க வைத்ததும் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே பயிற்சி பெரியவர்களுக்கு அந்த அளவு உதவவில்லை. அதாவது தாளத்தின் இலக்கணமே வேறாக இருக்கும் இசை என்றால், வயதானவருக்கு ஏறுவது நிஜமாகவே மெதுவு. உங்கள் விஷயத்தில் இது பெரிய தடையில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மகள் கேட்பது இந்தக் காலத்துத் தமிழ்ப் பாட்டு என்றால், அதன் தாளம் பெரும்பாலும் நாலு எண்ணிக்கைதான். நீங்கள் பள்ளிக்கூடத்தில் மேசையைத் தட்டிய அதே நாலு. மேலே பூசியிருக்கிற சத்தம்தான் புதுசு.

சின்ன வயதில் விழுந்தது எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ஊர் ஒன்றில் யாரோ பதிவு செய்து வந்த கேசட்டைப் பிரதி எடுக்கக் கொடுத்திருந்தார்கள். கொள் என்கிற குழலும் கொம்பும் பறையும். கடையில் அது ஓடிக்கொண்டிருந்தபோது வெள்ளை முண்டும் தலையில் கட்டிய துணியுமாக ஒரு படகப் பாட்டி, எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது, பேரனோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். கோத்தர்கள் படகர் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் வாசித்த காலம் ஒன்று உண்டு. அவர் ஊரில் அது நின்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்றாவது மெட்டு தொடங்கி அஞ்சு செகண்ட் இருக்காது. "அதை நிறுத்து. அது சாவுக்கு வாசிக்கிறது. கடையில போடக் கூடாது" என்றார். கோத்தர்களிடம் சாமிக்கு, ஆட்டத்துக்கு, சாவுக்கு என்று மெட்டு தனித்தனி. அது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று எனக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்டது. அவருக்கு, சிறுமியாகத் திண்ணையில் நின்று கேட்டதில் ஒரு சுரம்கூட உதிரவில்லை. நிறுத்தினேன். ஆனால் பேரன் அவசரப்படுத்தியும் அவர் கொஞ்ச நேரம் கிளம்பவில்லை.

இதன் மறுபக்கத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் காரல் க்ரம்ஹான்சல் 2013-ல் காட்டினார். இருபது வயதுக் கல்லூரி மாணவர்களுக்குப் பல வருஷத்து ஹிட் பாட்டுகளைப் போட்டுப் பார்த்தால், தங்கள் காலத்துப் பாட்டோடு, தங்கள் அப்பா அம்மா இளமையில் கேட்ட காலத்துப் பாட்டிலும் ஒரு தனிப் பிரியம் தெரிந்தது. தாத்தா பாட்டி காலத்துக்கும் சின்னதாக ஒரு மேடு இருந்தது. வீட்டிலும் வண்டியிலும் காதில் விழுந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் காரில் போடுகிற உங்கள் பாட்டு மகளுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அவள் முகத்தைச் சுளித்தாலும். இப்போதைக்கு வழி ஒருபக்கப் போக்குவரத்தாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது காது. இதைத் தள்ளிப் போடாதீர்கள். வார்த்தை விளங்கவில்லை, எல்லாம் இரைச்சலாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மகள் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை வருஷமா பேக்டரியில இருக்காரு?" இலையை நசுக்கிச் சுருட்டுகிற சி.டி.சி. மெஷினும் ட்ரையர் ஃபேனும் பக்கத்தில் ஷிப்ட் ஷிப்டாக நிற்கிறவர்களுக்கு இரைச்சலால் வரும் கேட்புக் குறைவு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாகத் தொடங்கும். வயதால் வருவதும் உயர்ந்த அதிர்வெண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. ஸ, ஷ, ஃப மாதிரி மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் அந்த உயர்ந்த பக்கத்தில்தான் இருக்கின்றன. உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து தேயும். யாரோ பாடுகிறார்கள் என்று தெரியும், என்ன பாடுகிறார்கள் என்று தெரியாது. போதாக்குறைக்கு, இந்த வகைக் குறைவில் மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் சட்டென்று தாங்க முடியாத சத்தமாகிவிடும். நடுவில் இருக்க வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது. பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி கனமாக, குரலைப் பின்னால் தள்ளிக் கலக்கிய பாட்டு அப்படிப்பட்ட காதுக்கு இரைச்சலாகத்தான் இருக்கும், அதில் ரசனையின் குற்றம் ஒன்றுமில்லை. உங்களுக்கு அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எழுத்தைப் படித்துக் காதைச் சொல்ல முடியாது. ப்யூர் டோன் ஆடியோமெட்ரி என்று ஒரு சோதனை. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அரை மணி நேர வேலை, வலி கிடையாது. பேக்டரியில் காதுக்கு அடைப்பான் போடுகிறீர்களா? அந்த இரைச்சலுக்கு மேலே இயர்போனில் பாட்டைக் கூட்டி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

போனில் வரும் சிபாரிசுகளை நம்பலாமா என்று நீங்கள் இடையில் கேட்டிருந்தீர்கள். நம்பலாம், ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்பதைக் கேட்கும் மற்றவர்கள் வேறு எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து அதை உங்களுக்கு நீட்டுகிறது. 43 வயதுக்காரருக்கு அவரைப் போன்ற 43 வயதுக்காரர்கள் கேட்டது வந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் எண்பதுகளின் பாட்டுக் கேட்டால் மூன்றாம் நாள் அது எண்பதுகளைத் தாண்ட விடாது. நான் ஷெனாயை ஏற்றியது ஜீப்காரர் மாதிரி ஆட்களின் லிஸ்டைப் பார்த்து இல்லை. அந்த லிஸ்டில் இல்லாத ஒன்றை வேண்டுமென்றே போட்டேன். தப்பாகவும் போட்டிருக்கிறேன், ஒருவர் கேசட்டையே என் மேசைமேல் விட்டெறிந்துவிட்டுப் போனார்.

இனி என்ன செய்யலாம். மகளிடம் ஆறு பாட்டுக் கேளுங்கள். ஆறுக்கு மேல் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்களுக்குப் பிடிக்கும் என்று அவள் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், அவளுக்குப் பிடித்த ஆறு. அதையே இரண்டு மூன்று வாரம், வண்டி ஓட்டும்போது மட்டும், பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத சத்தத்தில் ஓடவிடுங்கள். பிடித்திருக்கிறதா என்று உங்களை நீங்களே சோதித்துக்கொண்டு இருக்காதீர்கள். போன் அவள் கையில் இருக்கட்டும், உங்கள் கை ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். ஆறில் நாலு கடைசி வரை ஒட்டாமல் போகலாம், ஆறுமே ஒட்டாமலும் போகலாம், நான் உத்தரவாதம் தர மாட்டேன். என் பேரன் கேட்கிற ராப் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. நாலு தடவை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். நான் மேலே எழுதிய கணக்குப்படியே நாலு தடவை காணாது என்று மனைவி குத்திக் காட்டுகிறாள். என்ன பதில் சொல்வது?

ஆறு பாட்டு முடிந்ததும் மீதி இருக்கிற நாலு நிமிஷத்தில் உங்கள் பாட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ள அவளிடம் அனுமதி வாங்கிவையுங்கள். ஒன்றுதான். குன்னூரிலிருந்து மெதுவாக இறங்கினால் பர்லியாறு வருவதற்குள் கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடிகிற நேரம் ஆகும். மங்குஸ்தான் சீசனாக இருந்தால் அங்கே வண்டியை ஓரம் கட்டி அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப ஏறி உட்கார்ந்ததும் ரெண்டாவது பக்கம்.